ஆறு மாசம் பொறுத்தா என்ன?

"எனக்கு இந்த வண்டிதான் வேணும். இன்னிக்கே புக் பண்ணணும்."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி நாலாவது முறையாக அதையே சொன்னாள். விற்பனைப் பெண் கையிலிருந்த தாளைப் படிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். கார் ஷோரூமில் புருஷன் பெண்டாட்டி சண்டை புதிதில்லை. ஆனால் அடம்பிடிப்பது பெரும்பாலும் புருஷனாக இருக்கும்.

இங்கே கணவர் கோபப்படவே இல்லை. "ஆறு மாசம் பொறுத்தா இதே ஹைபிரிட்ல புது மாடல் வருது. மொத்தமா மாத்தியிருக்காங்களாம். மைலேஜ் கூட, பின்சீட்ல இடமும் கூட. நாளைக்குப் பழசாகப்போற வண்டியை இன்னிக்கு எதுக்கு வாங்கணும்? நீயே சொல்லும்மா" என்று விற்பனைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் என்னத்தைச் சொல்வாள்? மூன்று மாதமாக அவள் கையால் ஒரு வண்டிகூட விற்கவில்லை. "இந்த மாசமும் இல்லேன்னா வேற இடம் பாத்துக்கோ" என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் பார்ப்பது முதுகில் குறுகுறுத்தது.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்களேன் சார்" என்று மழுப்பினாள்.

"நான் ஓட்டறேன்." மனைவி சட்டென்று எழுந்தாள்.

"உனக்கெதுக்கு அந்தச் சிரமம்?" கணவர் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். முன்கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அவளை உட்காரவைத்தார். "லைசென்ஸ் வெச்சிருக்காம்மா. ஆனா கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல இவளை ஒரு நாள்கூடத் தனியா அனுப்பினதில்ல. ஆபீஸுக்கு நானே கொண்டுவிட்டு, நானே கூட்டிட்டு வந்துடுவேன்."

கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டே விற்பனைப் பெண் பின்சீட்டில் ஏறினாள். இப்படிப்பட்ட மனுஷனைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறாளே!

கணவர் பொத்தானை அழுத்தினார். "ஸ்டார்ட் ஆச்சா, இல்லையா?"

"ஆயிடுச்சு சார். மெதுவாப் போறப்போ பேட்டரியிலதான் ஓடும்."

வண்டி பூனைபோல நழுவி வாசலைத் தாண்டியது. கைப்பைக்குள் போன் அடித்தது. கணவர் ஒரு கையால் எடுத்துப் பார்த்து, "உங்க அக்கா. அப்புறம் பேசிக்கலாம்" என்று அணைத்தார்.

அதே நேரம், முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே வந்தார். கணவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஆள் துள்ளி ஒதுங்கி, திட்டிக்கொண்டே போனார்.

"பக்கத்துல வந்து நின்னாலும் தெரியலையே!"

"ஆமா சார், இதுல அது ஒரு குறை" என்று விற்பனைப் பெண் ஒப்புக்கொண்டாள். "நிறையப் பேர் சொல்லிட்டாங்க. அதனால புது மாடல்ல, கிளம்பும்போதே நல்லாக் கேக்கற மாதிரி ஒரு சத்தம் வெச்சிருக்காங்க."

"கேட்டியா? அதான் தலைப்பாடா அடிச்சுக்கறேன், பொறுமையா இருன்னு."

கண்ணாடியில் மனைவியின் முகம் வெளுத்துத் தெரிந்தது. பயந்துவிட்டாள், இனி மனசு மாறிவிடும் என்று விற்பனைப் பெண் நினைத்தாள்.

மாறவில்லை. திரும்பி வந்ததும் அவள் ஷோரூமின் நட்டநடுவில் நின்றாள். நாலு பேருக்குக் கேட்கும்படி, "என்னங்க, நான் கேட்டு இதுவரைக்கும் எதையாவது இல்லேன்னிருக்கீங்களா? இதையும் இல்லேன்னு சொல்ல மாட்டீங்கதானே?" என்றாள்.

வண்டி பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார். கணவரின் சிரிப்பு ஒரு விநாடி நின்று, பிறகு வந்தது.

"பாத்தீங்களா சார்? வெளியில புலி, பெண்டாட்டிகிட்ட எலி. சரி, எழுதுங்க."

மேனேஜர் ஓடிவந்து கைகொடுத்து, கையெழுத்து வாங்க அவரைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். மேசையருகே இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

வேலை தப்பித்தது. ஆனால் விற்பனைப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை நல்ல மனுஷரை ஏமாற்றியதுபோல நெஞ்சு உறுத்தியது.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, என் வேலையே போயிடும்" என்று குரலைத் தாழ்த்தினாள். "சார் சொன்னதுதான் சரி. புதுசு எல்லாத்துலயும் இதைவிட நல்ல வண்டி. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, வேண்டாம்னு சொல்லிடுங்க."

மனைவி கண்ணாடி அறையைப் பார்த்தாள். உள்ளே கணவர் மேனேஜரைப் பார்க்காமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை அசைத்தார். இவளும் சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

அந்தச் சிரிப்பு மாறாமல், உதடு அசைகிறதோ இல்லையோ என்பதுபோல் கேட்டாள்: "வண்டி என்னிக்கு வரும்?"

"வெள்ளிக்கிழமைக்கா."

"ரெண்டாவது சாவியை என் கையில குடுத்துடும்மா. அவருக்குத் தெரிய வேண்டாம்."

விற்பனைப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்க்கா? ஆறு மாசம்கூடப் பொறுக்க முடியாம அப்படி என்ன இருக்கு இந்த வண்டியில?"

"அவர் தூக்கம் கலையாம, நானும் என் பொண்ணும் கேட்டைத் தாண்டணும்."