ஜாக்கி எதற்கு?

"ஜாக்கி வைக்காம அடியில புகுந்து, ஸ்போர்ட்ஸ் காரோட பழைய ஆயிலை முழுசா வடிச்சுட்டேன்!"

ஷெட்டிலிருந்து வந்த கணவரின் குரலைக் கேட்டு, சமையலறையில் மனைவி அலுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கும் புளுகுதான். தரையை நக்கும் அந்தக் காருக்கடியில் எலி போவதென்றாலே பட்டினி கிடந்து இளைத்துத்தான் போகவேண்டும். இவர் தொந்தியோ, கதவைத் திறக்கும் முன்பே வீட்டுக்குள் நுழைவது.

"மெக்கானிக்கைக் கூப்பிடறேங்க."

"அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது! நானே செஞ்சேன்னு ஒத்துக்கோ."

"கதை விடாதீங்க. காபி ஆறுது, வாங்க."

"நீயே கொண்டு வாயேன். ஸ்ட்ரா போட்டு."

"சூடான காபிக்கு ஸ்ட்ராவா?"

"கேள்வி கேக்காதே தாயே. ரொம்பக் களைப்பா இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே ஷெட்டுக்குப் போனாள். காருக்கடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"மூச்சை விட்டுட்டு நுழைஞ்சேன்," என்றது அடியிலிருந்து குரல். "உள்ளே வந்து மூச்சு இழுத்தேன். மாட்டிக்கிட்டேன்."

அவள் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

"ஜாக்கியோட உடனே வாங்க தம்பி… நம்ப மாட்டீங்க, நானும் நம்பல… ஆனா நிஜமாவே ஜாக்கி இல்லாமத்தான் புகுந்திருக்கார்."