நானூறு அழுகைகள்

"மறுபடியும் தப்பு! இந்த மெஷின் தேறவே தேறாது!"

கைப்பேசியைச் சோபாவில் வீசினான் அவன். தோளில் ஆறு மாத மகள் வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தாள். செல்லப் பெயர் பட்டாசு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

விடிந்தால் மனைவி மறுபடி வேலைக்குப் போகிறாள். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் அவன்தான் இனிப் பகலெல்லாம் பட்டாசுக்குப் பொறுப்பு. குழந்தை எதற்கு அழுகிறது என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறாத பாடம். அதனால் கைப்பேசியில் ஒரு செயலி எழுதி, அந்த மெஷினைப் படிக்க வைத்தான். மூன்று வாரமாக நானூறு அழுகைகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் மனைவிக்குப் போட்டுக் காட்டி, அவள் சொன்னபடி பசி, தூக்கம், ஈரம், வயிற்றுவலி என்று பெயர் ஒட்டினான். கேட்டுக் கேட்டு அது தானே கற்றுக்கொள்ள வேண்டும்.

"என்ன சொல்றான் உங்க மூத்த பிள்ளை?" அலுவலகச் சட்டையை இஸ்திரி போட்டபடி கேட்டாள் மனைவி.

"பசியாம்! கடைசில ஒரு இழுவை இழுக்கிறா பாரு, இது தூக்கம். மத்தியானம் ஈரத்துக்கு அழுதா, அதுக்கும் பசின்னுது. நீ மிக்ஸி ஓட்டும்போதெல்லாம் பசி அழுகையைப் பதிவு பண்ணித் தொலைச்சேன். இப்ப மிக்ஸி சத்தம் கேட்டாலே பசிங்குது. குழந்தை அழவே வேணாம்!"

"பாவம், மிக்ஸிக்கும் பசிக்காதா?"

"சிரிக்காதம்மா. இன்னிக்குப் பதினோரு அழுகை. ஒன்பது தப்பு! இதை நம்பி உன்னை எப்படி அனுப்புறது? பேசாம லீவை நீட்டிடேன்."

மனைவியின் முகம் வாடியது. கதவில் மாட்டியிருந்த அடையாள அட்டையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்த ஒன்பதும் தப்புன்னு யாருங்க சொன்னா?"

"யாரு சொல்லணும்? கேட்டாலே தெரியுதே! ஈரம்னா விட்டு விட்டுக் கத்துவா, வயிற்றுவலின்னா மூச்சைப் பிடிச்சு..."

"இன்னிக்கு நான் எத்தனை தடவை வந்து சொல்லிக் கொடுத்தேன்?"

"நீ எங்க வந்த? காலையிலிருந்து நான் ஒருத்தன்தானே..."

பாதியில் நிறுத்திக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். அவன் தோளில் பட்டாசு எப்போதோ தூங்கிப் போயிருந்தாள்.

மனைவி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்குப் பாடம் எடுத்தேன். ஒருத்தராவது பாஸாயிட்டீங்களே!"