நெஞ்சின் மேல் கியர்பாக்ஸ்

விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. மூச்சு பாதி வழியிலேயே திரும்பிப் போனது.

ஜாக்கி சறுக்கி, கியர்பாக்ஸ் அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகிறது.

இன்ஜின் பின்னால் இருக்கிற பழைய கார். இரண்டு பக்கத்து ஷாஃப்டையும் கழற்றி, கியர்பாக்ஸையும் இறக்கினால்தான் கிளட்ச் தட்டுக்குக் கை போகும். இதற்கெல்லாம் மெக்கானிக் எதற்கு என்று வீறாப்பாக அடியில் படுத்தவன், இப்போது அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். பெண்டாட்டியைக்கூட இத்தனை இறுக்கிப் பிடித்ததில்லை.

விட்டால் தாடையில் உருளும்.

பெண்டாட்டி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவளுடைய அம்மா மட்டும்.

"யாரு அங்க? கொஞ்சம் வாங்களேன்!"

வாசற்படியில் இரண்டு பாதங்கள் வந்தன. பித்தவெடிப்பு விழுந்த பாதங்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறானா என்று தெரியாமல் அங்கேயே நின்றன.

அவள் இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம். ஒரு நாள்கூட அவன் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வான்.

கிரீஸில் கை வழுக்கியது.

"அத்தை!"

பாதங்கள் ஓடி வந்தன.

தரையோடு தரையாகப் படுத்து, தோளை உள்ளே கொடுத்தாள். முப்பது வருடம் கட்டடங்களில் செங்கல் சுமந்து, இடுப்பு விட்டுப்போய் மகளிடம் வந்தவள்.

"தூக்காதீங்க மாப்ள, தூக்கினா ரெண்டு பேரும் காலி. மூச்ச விட்டுட்டு எம்பக்கமா சரிச்சு விடுங்க."

சரித்தான். இரும்பு அவள் முன்கையில் உருண்டு, தரையில் விரித்திருந்த சாக்கில் இறங்கியது.

அவனை வெளியே இழுத்துப் போட்டாள். தோல் உரிந்த கையைத் துணியால் ஒற்றிக்கொண்டே, கழன்று கிடந்த ஷாஃப்டுகளைப் பார்த்தாள்.

"நாளைக்குள்ள ஓடிருமா மாப்ள?"

கதவருகே அவளுடைய துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. விடிந்ததும் அவளைச் சின்ன மகள் வீட்டில் கொண்டுபோய் விடத்தான் இந்த அவசரமெல்லாம். போன வாரம், அவள் காதில் விழட்டும் என்றே சுவரிடம் கேட்டிருந்தான்: உட்கார்ந்து தின்ன இது என்ன சத்திரமா?

வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள்.

கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி.