நாலாம் நம்பர் டிக்கி

"டிக்கியைத் திறம்மா."

"மாட்டேன் சார்."

மற்ற மூன்று டிரைவர்களும் தரையைப் பார்த்தார்கள். அந்த டாக்சி ஷெட்டில் முதலாளியிடம் 'மாட்டேன்' என்று யாரும் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

மொத்தம் ஐந்தே டாக்சி. முதலாளிக்கு எதைப் பார்த்தாலும் நம்பர் போட்டாக வேண்டும். ஜாக்கி, சக்கரம், டீ கிளாஸ் என்று எல்லாவற்றிலும் தன் கையாலேயே மஞ்சள் பெயிண்டில் எழுதி வைப்பார். ஆட்களுக்கும் அதே கதிதான். ரெண்டு, மூணு, அஞ்சு என்றுதான் கூப்பிடுவார். ஒன்றாம் நம்பர் அவரே ஓட்டுகிற வண்டி. நாலு, இதோ டிக்கியை மறைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அக்கா.

சுவரில் மைலேஜ் பட்டியல் தொங்கியது. முதலிடத்தில் ஒன்று. மூன்றாவது மாதமாகக் கடைசியில் நாலு. மூன்று மாதம் கடைசி என்றால் வண்டி கைமாறும். அது முதலாளி போட்ட சட்டம்.

"என்னைப் பார்த்துக் கத்துக்கம்மா. நேத்து மாசமா இருக்கற என் பொண்ணை ஊருக்கு வெளிய இருக்கற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். லிட்டருக்கு இருபத்திரெண்டு! உனக்கு ஏன் பதினாறைத் தாண்ட மாட்டேங்குது?"

"தெரியல சார்."

"சிக்னல்ல எஞ்சினை நிறுத்தறியா?"

"நிறுத்தறேன்."

"டயர்ல காத்து?"

"வாரா வாரம் பாக்கறேன். ஆக்சிலேட்டரைப் பூ மாதிரிதான் மிதிக்கறேன். திடீர் பிரேக் கிடையாது. நீங்க சொன்னதுல ஒண்ணையும் நான் விடல."

"அப்ப பாரம்தான். டிக்கில என்னத்தையோ ஏத்தி வச்சிருக்க. இவங்க மூணு பேர் டிக்கியையும் இப்பதானே பார்த்தேன்? விரிச்ச ரப்பர் மேட்டைத் தவிர ஒரு துரும்பு உண்டா? உனக்கு மட்டும் என்ன?"

அக்கா டிக்கியோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

"போன வாரம் ஒரு பயணி போன் பண்ணாரு. பெட்டியை டிக்கில வைக்க விடாம சீட்டுல வச்சியாமே? அப்படி என்னம்மா பொக்கிஷம்? என் பெட்ரோலைக் கேன்ல பிடிச்சு வச்சிருக்கியா?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. திருட்டுப் பட்டம் கட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"வேலை வேணாம்னா சொல்லிடுங்க, போயிடறேன். திருடின்னு சொல்லாதீங்க. அந்த டிக்கி திறக்காம இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"என்னையே மிரட்டறியா?"

முதலாளி விறுவிறுவென்று ஆபீசுக்குள் போய் மாற்றுச் சாவியை எடுத்து வந்தார்.

"விட்டுடுங்க சார்," என்றார் ரெண்டு. "அடுத்த மாசம் அக்கா சரி பண்ணிடுவாங்க."

"நீ பேசாம இருய்யா. உன் மைலேஜ் பத்தொன்பது. உன்கிட்ட எனக்கு என்ன குறை?"

அக்காவை ஒதுக்கிவிட்டு டிக்கியைத் திறந்தார்.

உள்ளே பெட்ரோல் கேன் இல்லை. பெட்டி வைக்க இடமும் இல்லை. கீழிருந்து மேல்வரை சக்கரங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மேலே தெரிந்தவற்றில் மஞ்சள் பெயிண்ட் பளிச்சிட்டது. ரெண்டு. மூணு. அஞ்சு.

"இதெல்லாம்... நம்ம வண்டிங்களோட ஸ்டெப்னி இல்ல?"

முதலாளி ரெண்டாம் நம்பர் வண்டிக்கு ஓடி, டிக்கியில் விரித்திருந்த மேட்டைத் தூக்கினார். மாற்றுச் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம்.

"பாரம் குறைஞ்சா மைலேஜ் ஏறும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" மூணு தலையைச் சொறிந்தார். "ஷெட்டுக்குப் பின்னால கழட்டிப் போட்டோம். அக்கா பார்த்துட்டு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க! பயணியோட நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவீங்கன்னு எல்லாத்தையும் அவங்க வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டாங்க. எங்க பஞ்சர்னாலும் அவங்கதான் சக்கரத்தோட ஓடி வருவாங்க."

"சொமக்கறதும் நாலு, ஓடறதும் நாலு. மைலேஜ் எங்கிருந்து சார் வரும்?" என்றார் அஞ்சு.

முதலாளிக்கு நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது.

"ஸ்டெப்னி இல்லாம வண்டியை எடுத்தா வேலை காலின்னு சொல்லியிருக்கேனா இல்லையா? பயணி உயிர் என்ன விளையாட்டா? மூணு பேரும் சாவியை வச்சிட்டு வெளிய போங்க! இந்தத் தப்பை யார் பண்ணியிருந்தாலும் சரி, இந்த ஷெட்டுல அவனுக்கு வண்டி கிடையாது!"

மூன்று கைகள் தயங்கித் தயங்கிப் பைக்குள் போயின.

"யாரும் சாவியைக் குடுக்காதீங்க," என்றாள் அக்கா.

"என்னது?"

"உங்க மானம் போக வேணாம்னுதான் சார் இவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருந்தேன். வேலை போனாலும் போகட்டும்னு நின்னேன். இவங்க வயித்துல அடிச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

டிக்கிக்குள் குனிந்து மேலிருந்த சக்கரங்களை இழுத்து வெளியே போட்டாள். அடியில் இன்னும் ஒன்று இருந்தது.

"இது ஷெட்டுக்குப் பின்னால கிடைக்கல. ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால, சாக்கு போட்டு மூடியிருந்துச்சு. புள்ளத்தாச்சிப் பொண்ணு போற வண்டியாச்சே, ஒரு அவசரம்னா வேணுமேன்னு இதையும் நானே சுமந்துட்டு இருக்கேன்."

அதைத் தூக்கித் தரையில் நிறுத்தி, ஒரு தள்ளு தள்ளினாள்.

உருண்டு வந்து முதலாளியின் காலில் முட்டி நின்ற சக்கரத்தில், அவர் கைப்பட எழுதிய மஞ்சள் நம்பர்: ஒன்று.