பூஜையில் வைத்த கணினி

தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன்பே உலகநாதன் தன் குரலைக் கணினியில் பதிந்து வைத்திருந்தார். குரல் போன பிறகு அவர் தட்டச்சு செய்ததையெல்லாம் ஸ்பீக்கர் அவர் குரலிலேயே பேசியது. மனைவி காந்திமதியோடு சண்டைகூடப் போட்டது. நவராத்திரிக்கு முந்தின நாள் கணினி தானாகவே அப்டேட் ஆனது. அதன் பிறகு அந்தப் பழைய மென்பொருள் திறக்கவில்லை. அதை விற்ற கம்பெனியும் இப்போது இல்லை.

மெக்கானிக் பெனடிக்ட் ஆயுத பூஜையன்றுதான் வந்தான். சந்தனப் பொட்டு வைத்திருந்த கணினியைக் காந்திமதி தொடவிடவில்லை.

"இன்னைக்கு அதுல வேலை பாக்கக் கூடாது தம்பி. நாளைக்கு வாங்க."

உலகநாதன் பதறி, எழுதிக்காட்டப் பேனா தேடினார். பேனாக்களும் சாமி முன்னால்தான் இருந்தன. அவர் எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"ஒரு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

மறுநாள் பெனடிக்ட் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழசுக்குத் திருப்ப பத்து நாள்தாம்மா டைம். நேத்தோட முடிஞ்சிருச்சு. பழைய ஃபைலையெல்லாம் அதுவே அழிச்சிருச்சு."

காந்திமதி முந்தானையால் பொட்டைத் துடைக்கப் போனாள். உலகநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன.

"என்ன சொல்றீங்க?" என்று கேட்டபடி, பழக்கத்தில், அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.