கடைசிச் சனிக்கிழமைக் காய்ச்சல்

"அக்கா, நிருஜா கதைக்கிறன். காய்ச்சல் காயுது. நாளைக்குப் படிப்பிக்க வர ஏலாது போல கிடக்கு."

குணவதி கலண்டரைப் பார்த்தாள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. தொடர்ந்து நாலாவது மாதம். மற்றவர்களுக்கு வரும் காய்ச்சலுக்கு நாளும் தெரியாது, கோளும் தெரியாது. நிருஜாவின் காய்ச்சல் மட்டும் தேதி பார்த்து வந்தது.

"சரி, படுத்து றெஸ்ற் எடும்" என்று போனை வைத்தாள்.

புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவள்தான் பொறுப்பு. தொண்ணூற்றாறாம் ஆண்டு. பிள்ளைகள் மளமளவென்று கூடிக்கொண்டிருந்தார்கள், படிப்பிக்கத்தான் ஆள் இல்லை. அதனால் ஊரில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பட்டியல் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்தாள். ஆராவது வராவிட்டால் அவர்களைக் கூப்பிடலாம்.

பட்டியலில் நாலு பேர். ஒருவர் மகனோடு பிறம்ரனுக்குப் போய்விட்டார். சச்சிதானந்தன் மாஸ்ரர் யூன் மாதம் வரைக்கும் பனியை நம்பி வெளியில் இறங்கமாட்டார். பஸ்ரியன் மாஸ்ரருக்குக் காது கேளாது. அது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம், தாய் தகப்பன்மாருக்கு இல்லை. மிஞ்சியது கிளடிஸ் ரீச்சர்.

"ரீச்சர், நாளைக்கு..."

"நிருஜாவுக்கு ஏலாதோ? வாறன் பிள்ளை."

கேட்டு முடிக்குமுன்னே பதில் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கிளடிஸ் ரீச்சர் மாடி வகுப்பில் நின்றார். மொடமொடவென்று கஞ்சி போட்ட சீலை, காலில் வெள்ளைச் சப்பாத்து. வகுப்பு கப்சிப்.

இடைவேளைக்குப் பிஸ்கற் வாங்கக் குணவதி பக்கத்துத் தமிழ்க் கடைக்குப் போனாள். அங்கே முருங்கைக்காயை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள் காய்ச்சல்காரி.

"காய்ச்சலுக்கு முருங்கைக்காய் நல்லதோ?"

நிருஜா திடுக்கிட்டுத் திரும்பினாள். கையிலிருந்த காய் கூடைக்குள் விழுந்தது.

"அக்கா..."

"நாலு தரம் வராட்டில் பேரை வெட்டலாம் எண்டு சட்டம் இருக்கு, தெரியும்தானே? இண்டைக்கு நாலு."

நிருஜாவின் கண் கலங்கிவிட்டது. "வெட்டிப்போடாதையுங்கோ அக்கா. கிழமை முழுக்கப் பாக்ரறியில பெட்டி ஒட்டுறன். என்னை ரீச்சர் எண்டு கூப்பிடுறது அந்த இருபத்தியொரு பிள்ளையள் மட்டும்தான்."

"அப்ப ஏன் பொய்?"

நிருஜா கண்ணைத் துடைத்தாள்.

"முதல் தரம் உண்மையாவே காய்ச்சல் அக்கா. பிறகு கிளடிஸ் ரீச்சருக்கு நன்றி சொல்லுவம் எண்டு டோர்செட் பார்க்குக்கு அவவின்ர வீட்டை போனனான். மருமகள் பிரதீபா சொன்னா, மாமி நாள் முழுக்க யன்னலுக்குள்ளால பஸ் பாத்துக்கொண்டிருப்பாவாம். வகுப்புக்கு வந்த அண்டைக்குத்தான் ஒரு கோப்பை சோறு முழுசாச் சாப்பிட்டவவாம். வாறியளோ எண்டு நேரில கேட்டால் ரோசக்காரி, வரமாட்டா. அதுதான் மாதத்தில ஒருக்கா எனக்குக் காய்ச்சல் வருது."

பேரை வெட்டலாம் என்ற குணவதி கூடைக்குள் விழுந்த முருங்கைக்காயைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி நடக்கையில் அவளுக்கு நல்லதொரு யோசனை வந்தது. செப்டெம்பரில் புது வகுப்பொன்று தொடங்குகிறது. அதை ரீச்சருக்கே கொடுத்துவிட்டால் என்ன? ரீச்சர் ஒவ்வொரு சனியும் முழுக் கோப்பை சோறு சாப்பிடுவார். நிருஜாவும் பொய் சொல்லத் தேவையில்லை. தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் மாடிக்கு ஏறினாள்.

"ரீச்சர், செப்டெம்பரில இருந்து உங்களுக்கெண்டு ஒரு வகுப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும்!"

ரீச்சரின் முகம் மலரவில்லை. கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

"ஐயோ பிள்ளை, ஒவ்வொரு சனியும் எண்டால் என்னால ஏலாது. ரெண்டு பஸ். பிறகு உந்தப் படியள். இண்டைக்கும் முழங்கால் நோவுக்கு ரெண்டு குளிசை போட்டிட்டுத்தான் வந்தனான்."

"அப்ப ஏன் ரீச்சர், கூப்பிட்ட உடனை ஓம் எண்டுறியள்?"

"வந்தால் சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதுக்காக இல்லை." ரீச்சர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அந்தப் பிள்ளை நிருஜா ஒருக்கா வீட்டை வந்தவள். நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறதுக்கிடையில செற்றியில சாய்ஞ்சு இருந்தபடி நித்திரையாப் போனாள். அவ்வளவு களைப்பு. காய்ச்சல் எண்டு சும்மா சொல்லுறாள், எனக்குத் தெரியும். முப்பத்திநாலு வருசம் படிப்பிச்சு எத்தினை காய்ச்சல் பாத்தனான்! மாதத்தில ஒரு சனியாவது அவள் ஆறுதலாப் படுத்தெழும்பட்டும். நான் வராட்டில் அவளல்லோ ஓடிவரவேணும்? நான் சொன்னனெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதை, என்ன?"

குணவதி தலையாட்டினாள்.

வரவுப் புத்தகத்தில் நிருஜாவின் பெயருக்கு நேரே 'சுகவீனம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். மாடி வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றச் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, மேலே வெளிச்சம் போதாது என்று அவளும் தன் பங்குக்கு ஒரு பொய் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பேனையை எடுத்துக்கொண்டு கலண்டருக்கு முன்னால் நின்றாள். மே மாதக் கடைசிச் சனிக்கிழமைக் கட்டத்தில் எழுதினாள்:

'நிருஜாவுக்குக் காய்ச்சல். கிளடிஸ் ரீச்சரை ஏத்த எட்டரைக்குக் கார்.'