தீர்ந்துபோன திராட்சை

சமையலறை ஜன்னல் வழியாக வரும் மாலை வெயில் மேடைமேல் இருக்கும் பாத்திரத்தில் விழுகிறது. அவள் அதில் ஓட்ஸையும் மசித்த வாழைப்பழத்தையும் குக்கீஸுக்காகப் பிசைந்துகொண்டிருக்கிறாள். சர்க்கரை கிடையாது, வெண்ணெய் கிடையாது. இனிப்புக்கு அரைத்த பேரீச்சம்பழம் மட்டும். சமையலறை வாசலை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு அவள் கணவர் உட்கார்ந்திருக்கிறார். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவர். மாரடைப்பு வந்து பிழைத்து வீடு திரும்பியதிலிருந்து, அவள் கண்ணில் படாவிட்டால் அவருக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. அவள் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறார். கீழே தெருவில் இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சிரித்தபடி போகிறார்கள். அந்தச் சிரிப்பு தேய்ந்து மறையும்வரை அவள் கை அசையவில்லை.

"உலர்ந்த திராட்சை தீர்ந்துபோச்சு," என்கிறாள், கையைக் கழுவிக்கொண்டே. "பக்கத்துக் கடைதானே, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"அது இல்லாமலே பண்ணேன்."

"அட்டையைக் கடிக்கற மாதிரி இருக்கும்."

"அட்டையே தின்னுக்கறேன். நீ போகாத." சிரிக்கத்தான் பார்க்கிறார். ஆனால் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருக்கின்றன.

ஓவன் சூடேறிவிட்டதென்று மணி அடிக்கிறது. அவள் ஈரக் கையைத் துண்டில் துடைக்கிறாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே நிற்கிறாள். பிறகு குனிந்து, மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பிரிக்காத திராட்சைப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்து, முழுவதையும் பாத்திரத்தில் கொட்டுகிறாள். அவர் பார்க்கிறார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்.